ஆறாத காயத்தில் இரண்டாவது கிருமி

முள் குத்திய பின்னும் விபத்துக்குப் பின்னும் தோன்றும் அரிய கூட்டுத்தொற்றுகள்: நோயாளிகளும் உடனிருந்து பேணுவோரும் அறிய வேண்டியவை

இலுப்பூர் வட்டாரத்தில் காயம் புதிய செய்தியன்று. விறகு வெட்டும்போது கருவேல முள் தைக்கிறது. நடவு வயலில் சேற்றுக்குள் கிடக்கும் கண்ணாடித்துண்டு காலைக் கிழிக்கிறது. இருசக்கர வாகனம் சறுக்கிச் சாலையோர மண்ணில் முழங்கால் உராய்கிறது. தை மாதத்தில் காளையின் கொம்பு தொடையில் பாய்கிறது. இவற்றுள் பெரும்பாலானவை முறையாகக் கழுவிக் கட்டினால் ஓரிரு வாரங்களில் ஆறிவிடுகின்றன. மிகச் சில காயங்கள் மட்டும் மருந்து உண்டபோது அடங்கி, மருந்தை நிறுத்தியதும் மீண்டும் கசிகின்றன. அத்தகைய காயங்களைப் பற்றியதே இப்பாடம்.

இதன் மையக் கருத்து ஒன்றே. காயத்தில் ஒரு கிருமி கண்டறியப்பட்டது என்பதால், அங்கிருப்பது அந்த ஒரு கிருமி மட்டுமே என்று முடிவு செய்தல் ஆகாது.

ஒரு காயம், பல கிருமிகள்

ஒரே இடத்தில் இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட கிருமிகள் ஒருங்கே நோய் உண்டாக்குவதைக் கூட்டுத்தொற்று என்கிறோம். காயத்தில் இது எளிதாக நிகழ்வதற்குக் காரணங்கள் உண்டு.

முதலாவதாக, மண் படிந்த காயத்தில் ஒரு கிருமி மட்டும் புகுவதில்லை. ஒரு சிட்டிகை மண்ணில் எண்ணிறந்த நுண்ணுயிர்கள் வாழ்கின்றன. நம் தோலில் இயல்பாக வாழும் ஸ்டெபிலோகாக்கஸ் போன்ற கிருமிகளும் அவற்றோடு சேர்ந்து உள்ளே செல்கின்றன.

இரண்டாவதாக, நசுங்கி இறந்த தசைக்குக் குருதியோட்டம் இல்லை. குருதி செல்லாத இடத்திற்கு நோயெதிர்ப்பு அணுக்களும் செல்வதில்லை. மருந்தும் போதிய அளவில் செல்வதில்லை. முள்ளின் முறிந்த நுனி, மரச்சிராய், துணியிழை ஆகியவை உள்ளே தங்கினால் கிருமிகள் அவற்றின்மேல் படலமாகப் படிந்து பாதுகாப்பாக வாழ்கின்றன.

மூன்றாவதாக, கிருமிகள் ஒன்றுக்கொன்று உதவுகின்றன. ஒரு வகைக் கிருமி காயத்திலுள்ள உயிர்வாயுவைப் பயன்படுத்தித் தீர்த்துவிடும்போது, உயிர்வாயு இல்லாத இடத்தில் மட்டுமே வளரும் மற்றொரு வகைக்கு வாய்ப்பான சூழல் உருவாகிறது. இரணஜன்னியை உண்டாக்கும் கிருமி இவ்வாறு உயிர்வாயு குன்றிய ஆழமான காயத்தில்தான் வளர்கிறது. மேலே சிறு துளையாகத் தோன்றும் முள்காயத்தையும் ஆணிக்காயத்தையும் மருத்துவர்கள் எளிதாக எண்ணாமைக்கு இதுவே காரணம்.

2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை தாக்கியபோது இந்த உண்மை பெரிய அளவில் புலப்பட்டது. கடல்நீர், சேறு, கழிவுநீர் ஆகியவை கலந்த வெள்ளத்தில் அடிபட்டுத் தாய்லாந்தின் தெற்குப் பகுதியில் உயிர்பிழைத்தோரின் காயங்களை ஆய்ந்தபோது, பெரும்பாலான மாதிரிகளில் ஒன்றுக்கு மேற்பட்ட கிருமிகள் இருந்தன. வழக்கமாகக் காயங்களில் காணப்படாத நீர்வாழ் கிருமிகளும் மண்வாழ் கிருமிகளும் அவற்றுள் அடங்கும்.

மதுரையின் பெயரைத் தாங்கிய நோய்

அரிய காயத்தொற்றுகளுள் ஒன்று நம் அண்டை மாவட்டத்தின் பெயராலேயே உலகெங்கும் அறியப்படுகிறது. 1842-ஆம் ஆண்டில் மதுரையில் பணியாற்றிய கில் என்னும் ஆங்கிலேய மருத்துவர், பாதம் வீங்கிப் பல துளைகளின் வழியே கசியும் ஒரு நோயைத் தனி நோயாக இனங்கண்டு பதிவு செய்தார். சில ஆண்டுகளுக்குப் பின் அங்கேயே பணியாற்றிய கோல்புரூக் அதை ‘மதுரைப் பாதம்’ என்று குறித்தார். 1860-ஆம் ஆண்டில் பம்பாயில் வான்டைக் கார்ட்டர் என்பவர் இதற்கு ‘மைசிடோமா’ என்னும் பெயரை வழங்கினார். இந்நோயை உண்டாக்கும் பாக்டீரியா ஒன்றின் அறிவியல் பெயரே ‘ஆக்டினோமதுரா மதுரே’ என்பதாகும். 2016-ஆம் ஆண்டில் உலக சுகாதார நிறுவனம் மைசிடோமாவைப் புறக்கணிக்கப்பட்ட வெப்பமண்டல நோய்களின் பட்டியலில் சேர்த்தது.

இந்நோய் தோன்றும் முறை இது. மண்ணில் வாழும் கிருமி, முள் அல்லது கூரிய கல் குத்தும்போது தோலுக்கு அடியில் ஊன்றப்படுகிறது. குத்திய வலி ஓரிரு நாளில் மறைந்துவிடும். பல மாதங்களுக்குப் பின்னர், சில வேளைகளில் ஆண்டுகளுக்குப் பின்னர், அவ்விடத்தில் வலியற்ற கெட்டியான வீக்கம் எழுகிறது. அதன்மேல் சிறு கொப்புளங்கள் தோன்றி உடைந்து துளைகளாகின்றன. அத்துளைகளின் வழியே சீழுடன் குருணை போன்ற நுண்ணிய மணிகள் வெளிவருகின்றன. வலியற்ற வீக்கம், பல துளைகள், குருணைகள் ஆகிய மூன்றும் சேர்ந்திருத்தலே இந்நோயின் அடையாளம்.

மதுரைப் பாதத்தில் இரு வகைகள் உண்டு. ஒன்று பாக்டீரியாவால் வருவது. மற்றது பூஞ்சையால் வருவது. இந்தியாவின் பெரும்பாலான பகுதிகளில் பாக்டீரியா வகையே மிகுதி. பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோல் தோன்றினாலும் சிகிச்சை முற்றிலும் வேறு. குருணையின் நிறம் ஓரளவு வழிகாட்டும். கரிய குருணைகள் பூஞ்சையையும் சிவந்த குருணைகள் பாக்டீரியாவையும் சுட்டுகின்றன. வெண்மையும் மஞ்சளும் இரண்டு வகையிலும் வரக்கூடும். எனவே நிறத்தை மட்டும் கொண்டு முடிவு செய்ய இயலாது.

வலி இல்லாமையே இந்நோயின் பெருங்கேடு. வலிக்காத காலுடன் மனிதர் வேலைக்குச் செல்கிறார்; மருத்துவமனைக்கு வருவதைத் தள்ளிப்போடுகிறார். அதற்குள் நோய் தசையைக் கடந்து எலும்பை அடைகிறது. தொடக்கத்தில் மருந்தால் தீரக்கூடிய நோய், காலந்தாழ்ந்தால் பாதத்தையே இழக்கும் நிலைக்குக் கொண்டுசெல்லும்.

முன்னிற்கும் கிருமியும் மறைந்திருக்கும் கிருமியும்

மதுரைப் பாதத்தின் துளைகள் திறந்த வாயில்கள். அவற்றின் வழியே தோலில் வாழும் ஸ்டெபிலோகாக்கஸ் போன்ற பொதுக் கிருமிகள் உள்ளே புகுந்து இரண்டாவது தொற்றை உண்டாக்குகின்றன. அதுவரை வலிக்காத பாதம் அப்போது சிவந்து, சூடேறி, வலிக்கத் தொடங்குகிறது; காய்ச்சலும் வரலாம். நோயாளி மருத்துவரை நாடுவது பெரும்பாலும் அந்த நேரத்தில்தான்.

மேலே வழியும் சீழைப் பஞ்சுக்குச்சியில் தொட்டுச் சோதனைக்கு அனுப்பினால், விரைவாக வளரும் ஸ்டெபிலோகாக்கஸ் ஓரிரு நாளில் தென்படும். அதற்கேற்ற ஆன்டிபயாட்டிக் மருந்தைக் கொடுத்தால் வலியும் காய்ச்சலும் தணியும். நோய் தீர்ந்ததென்று அனைவரும் எண்ணுவர். ஆனால் மெதுவாக வளரும் மூலக்கிருமி உள்ளே அப்படியே இருக்கும். சில வாரங்களில் மீண்டும் கசிவு தொடங்கும். மீண்டும் அதே மருந்து, மீண்டும் அதே தணிவு, மீண்டும் அதே கசிவு என்று மாதங்கள் கழியும்.

ஆகவே, மருந்துக்கு ஒரு பகுதி மட்டும் அடங்கும் காயம் ஓர் அறிகுறி. இரண்டாவது கிருமியைத் தேட வேண்டும் என்பதை அது உணர்த்துகிறது.

ரங்கூனில் கண்டறியப்பட்ட மண்கிருமி

மதுரைப் பாதம் மெதுவாக நடக்கும் நோய். விரைந்து தாக்கக்கூடிய மற்றொரு மண்கிருமியும் உண்டு. நம் பகுதியிலிருந்து பலர் பிழைப்புத் தேடிச் சென்ற ரங்கூனில், 1911-ஆம் ஆண்டில் ஆல்பிரட் விட்மோர் என்னும் நோய்க்குறியியல் மருத்துவரும், அவருடன் பணிபுரிந்த கிருஷ்ணசுவாமி என்னும் மருத்துவரும், உடலெங்கும் சீழ்க்கட்டிகள் தோன்றி இறந்தவர்களின் உடல்களில் அதுவரை அறியப்படாத ஒரு கிருமியைக் கண்டனர். 1912-ஆம் ஆண்டில் அதை வெளியிட்டனர். அக்கிருமி இன்று ‘பர்கோல்டேரியா சூடோமல்லை’ எனவும், அது உண்டாக்கும் நோய் ‘மெலியாய்டோசிஸ்’ எனவும் அழைக்கப்படுகின்றன.

இக்கிருமி ஈரமான மண்ணிலும் நெல்வயல் நீரிலும் வாழ்கிறது. காயத்தின் வழியாகவோ, மூச்சின் வழியாகவோ, அசுத்த நீரின் வழியாகவோ உடலுக்குள் புகுகிறது. மழைக்காலத்தில் நோய் மிகுகிறது. நீரிழிவு உள்ளோரையே இது பெரிதும் தாக்குகிறது. சிறுநீரக நோயாளிகளும் நெடுங்காலம் மிகுதியாக மது அருந்துவோரும் அடுத்த நிலையில் உள்ளனர். மனிதரிடமிருந்து மனிதருக்கு இது பரவுவது மிகமிக அரிது. தமிழ்நாட்டில் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி உள்ளிட்ட நிறுவனங்களின் மருத்துவர்கள் இந்நோயைப் பலரிடம் கண்டறிந்து பதிவு செய்துள்ளனர். ஆழிப்பேரலையில் அடிபட்டுப் பிழைத்த 6 பேருக்கு இந்நோய் கண்டதைத் தாய்லாந்து மருத்துவர்கள் 2005-இல் வெளியிட்டனர்.

காயத்தில் புண்ணாகத் தோன்றும் இந்நோய், குருதியில் கலந்து நுரையீரல், கல்லீரல், மண்ணீரல், மூட்டு, எலும்பு ஆகியவற்றிலும் சீழ் உண்டாக்கக்கூடும். நீடித்த காய்ச்சலும் இருமலும் எடைக்குறைவும் காணப்படுவதால் காசநோய் என்று தவறாகக் கருதப்படுவதும் உண்டு. பென்சிலின், ஜென்டாமைசின் முதலிய வழக்கமான காய மருந்துகள் பல இதற்குப் பயன்படுவதில்லை. ஆய்வகத்திலும் இக்கிருமி, சூடோமோனாஸ் வகையைச் சேர்ந்த வேறொன்று என்றோ, வெளியிலிருந்து தற்செயலாகக் கலந்தது என்றோ கருதப்பட்டு விடக்கூடும். மருத்துவரின் ஐயம் ஆய்வகத்திற்கு முன்கூட்டியே தெரிந்தால் அந்தத் தவறு குறையும்.

நோயறிதல்: எதைச் சொல்ல வேண்டும், எதற்குப் பொறுமை வேண்டும்

அரிய தொற்றைக் கண்டறிவதில் நோயாளியின் சொல்லுக்குப் பெரும் பங்கு உண்டு. காயம் எப்போது, எங்கே, எதனால் ஏற்பட்டது என்பதை மருத்துவரிடம் விரிவாகச் சொல்லுங்கள். வயல் சேறா, கண்மாய் நீரா, முள்ளா, கொம்பா, சாலை மண்ணா என்பது எந்தக் கிருமியைத் தேடுவது என்பதை மாற்றும். மூன்று ஆண்டுகளுக்கு முன் தைத்த முள்ளாயினும் குறிப்பிடுங்கள். நீரிழிவு உண்டா, முன்னர் என்னென்ன மருந்துகள் எத்தனை நாள் உண்டீர்கள் என்பதையும் கூறுங்கள். பழைய மருந்துச்சீட்டுகளையும் மாத்திரை அட்டைகளையும் எடுத்துவருவது நல்லது.

அடுத்து, சரியான மாதிரி தேவை. மேலே வழியும் சீழில் பொதுக் கிருமிகளே முன்னிற்கும். எனவே மருத்துவர் காயத்தின் ஆழத்திலிருந்து சிறிது திசுவை எடுக்க விரும்பலாம். பயாப்சி எனப்படும் இச்சோதனை, மரத்துப்போகும் ஊசி போட்டபின் செய்யப்படுவது. எடுக்கும் திசுவின் ஒரு பகுதி நுண்ணோக்கிக்கும், மற்றொரு பகுதி கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் சோதனைக்கும் செல்லும். குருணை வெளிவரும் காயமாயின், கட்டுத்துணியில் ஒட்டியிருக்கும் குருணையைக் காட்டுங்கள். நுண்ணோக்கியில் பாக்டீரியாவின் இழைகள் மிக மெல்லியனவாகவும், பூஞ்சையின் இழைகள் தடித்தனவாகவும் தெரியும்.

மருந்தைத் தொடங்குவதற்கு முன் மாதிரி எடுப்பதே சிறந்தது. கடையில் தாமாக வாங்கி உண்ட இரண்டு நாள் மாத்திரை நோயைத் தீர்க்காது. ஆனால் கல்ச்சர் சோதனையில் கிருமி வளராமல் தடுத்துவிடும். அதே வேளையில், நோயாளியின் நிலை கடுமையாக இருந்தால் மருத்துவர் முடிவுக்காகக் காத்திராமல் உடனே மருந்தைத் தொடங்குவார். பின்னர் முடிவுக்கேற்ப மாற்றுவார். மருந்து இடையில் மாறுவதைக் கண்டு முதல் சிகிச்சை பிழையானது என்று எண்ண வேண்டியதில்லை.

கல்ச்சர் முடிவுக்குப் பொறுமை வேண்டும். பொதுக் கிருமிகள் ஓரிரு நாளில் வளர்கின்றன. மெலியாய்டோசிஸ் கிருமிக்குச் சில நாட்கள் ஆகலாம்; மதுரைப் பாதத்தின் கிருமிகளுக்குச் சில வாரங்களும் ஆகலாம். ‘கிருமி வளரவில்லை’ என்று முதலில் வரும் அறிக்கை இறுதி அறிக்கையா, இடைக்கால அறிக்கையா எனக் கேட்டறியுங்கள். எலும்பின் நிலையை அறிய எக்ஸ்ரேயும், ஆழத்தை அறிய அல்ட்ராசவுண்டு அல்லது எம்.ஆர்.ஐ. படமும் தேவைப்படலாம். மெலியாய்டோசிஸ் என்று ஐயம் எழுந்தால் குருதியும் சிறுநீரும் கல்ச்சருக்கு அனுப்பப்படும். வயிற்றில் கட்டிகள் உள்ளனவா என்று அல்ட்ராசவுண்டு பார்க்கப்படும்.

சிகிச்சை: ஏன் இத்தனை மாதங்கள்?

முதற்படி காயத்தைத் தூய்மை செய்தல். இறந்த தசையையும் உள்ளே தங்கிய முள்ளையும் நீக்காமல் எந்த மருந்தும் முழுப்பயன் தராது. சீழ்க்கட்டி பெரிதாக இருந்தால் அதை வடிக்க வேண்டும்.

இரண்டாவது படி, இரு கிருமிகளுக்கும் உரிய மருந்து. முன்னிற்கும் பொதுக் கிருமிக்குச் சில நாள் மருந்து போதுமானதாக இருக்கலாம். மறைந்திருக்கும் கிருமிக்கு நீண்ட சிகிச்சை தேவை.

பாக்டீரியாவால் வரும் மதுரைப் பாதத்திற்குக் கோ-டிரைமாக்சசோல் மாத்திரையும், அமிகாசின் அல்லது ஜென்டாமைசின் ஊசியும் சேர்த்துக் கொடுக்கும் முறைகள் வழக்கில் உள்ளன. தில்லி அகில இந்திய மருத்துவ அறிவியல் நிறுவனத்தின் மருத்துவர்கள் 2000-ஆம் ஆண்டில், முதலில் சில வாரங்கள் ஊசியுடன் கூடிய தீவிர சிகிச்சை, பின்னர் பல மாதங்கள் மாத்திரை என்னும் இருகட்ட முறையை வெளியிட்டனர். துளைகள் மூடிய பின்னரும் மாத்திரை தொடர்கிறது. பூஞ்சை வகையாயின் இட்ரகோனசோல் போன்ற பூஞ்சைக்கொல்லி மருந்து ஓராண்டளவு தேவைப்படலாம். அறுவை சிகிச்சையும் சேரும்.

மெலியாய்டோசிஸ் நோய்க்குச் செப்டாசிடிம் அல்லது மெரோபெனம் மருந்து குறைந்தது 10 முதல் 14 நாட்கள் சிரை வழியாகச் செலுத்தப்படும். எலும்பும் ஆழ்ந்த உறுப்புகளும் தாக்கப்பட்டிருந்தால் இது நீளும். அதன்பின் கோ-டிரைமாக்சசோல் மாத்திரை குறைந்தது 3 மாதங்கள் தொடரும். காய்ச்சல் நின்றதும் மாத்திரையை விட்டுவிட்டால் நோய் திரும்பும் வாய்ப்பு மிகுதி.

நீண்ட நாள் மருந்துக்குக் கண்காணிப்பும் வேண்டும். கோ-டிரைமாக்சசோல் உண்போருக்கு அவ்வப்போது குருதியணுக்கள், சிறுநீரகச் செயல், பொட்டாசியம் ஆகியவை சோதிக்கப்படும். உடலில் தடிப்போ, வாயிலும் கண்ணிலும் புண்ணோ தோன்றினால் அடுத்த மாத்திரையை உண்ணாமல் அன்றே மருத்துவமனைக்கு வர வேண்டும். சல்பா மருந்து ஒவ்வாதவர்களும் கருவுற்றோரும் அதை முன்னரே சொல்ல வேண்டும். அமிகாசின், ஜென்டாமைசின் ஊசிகள் செவியையும் சிறுநீரகத்தையும் பாதிக்கக்கூடும். காதில் இரைச்சல், கேட்பதில் குறைவு, தலைச்சுற்றல் ஆகியவற்றை உடனே தெரிவியுங்கள்.

பேணுவோர் செய்ய வேண்டியவை

இத்தனை மாதச் சிகிச்சையை நோயாளி தனியே தாங்குவது கடினம். கூலி வேலைக்குச் செல்பவருக்கு ஒவ்வொரு மருத்துவமனை நாளும் ஒரு நாள் ஊதிய இழப்பு. வலியும் இல்லாதபோது ‘இன்னும் எதற்கு மாத்திரை’ என்னும் எண்ணம் எழுவது இயல்பு. அங்கேதான் குடும்பத்தின் துணை தேவை.

• மருந்து உண்ட நாட்களை நாட்காட்டியில் குறித்து வாருங்கள். மாத்திரை தீர்வதற்கு ஒரு வாரம் முன்பே அடுத்த மாத்திரைக்கு ஏற்பாடு செய்யுங்கள்.

• வாரம் ஒருமுறை அதே கோணத்தில் கைப்பேசியில் காயத்தைப் படம் எடுத்து வையுங்கள். மாற்றத்தை மருத்துவர் ஒப்பிட்டுப் பார்க்க அது உதவும்.

• கட்டு மாற்றும் முன்னும் பின்னும் சோப்பிட்டுக் கை கழுவுங்கள்.

• நீரிழிவு உள்ளவராயின் சர்க்கரை அளவைக் கட்டுக்குள் வைத்தல் சிகிச்சையின் ஒரு பகுதியே.

• மேல்சிகிச்சைக்குப் புதுக்கோட்டை அல்லது திருச்சிராப்பள்ளி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அனுப்பப்பட்டால், சோதனை அறிக்கைகள் அனைத்தையும் உடன் கொண்டு செல்லுங்கள். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் உதவி கிடைக்குமா என்றும் அங்கே கேட்டறியுங்கள்.

புதிதாகக் காயம்பட்டால்: ஓடும் தூய நீரிலும் சோப்பிலும் சில நிமிடங்கள் நன்கு கழுவுங்கள். சாணம், சுண்ணாம்பு, மூக்குப்பொடி, காப்பித்தூள் ஆகிய எதையும் அப்ப வேண்டா. ஆழத் தைத்த முள்ளை ஊக்கால் கிளறாதீர்கள். இரணஜன்னித் தடுப்பூசி தேவையா என்பதை அன்றே கேட்டறியுங்கள். காட்டிலும் வரப்பிலும் செருப்பின்றி நடப்பதைத் தவிருங்கள். நீரிழிவு உள்ளோர் கால் காயத்துடன் சேற்றில் இறங்க வேண்டா.

எப்போது வர வேண்டும்?

உடனே, அதே நாளில்: காயத்தின் தோற்றத்திற்குப் பொருந்தாத கடும் வலி, மணிக்கணக்கில் பரவும் சிவப்பு அல்லது கருமை, நீர்க்கொப்புளங்கள், அழுத்தினால் தோலுக்கடியில் நொறுநொறுக்கும் உணர்வு, குளிருடன் கடுங்காய்ச்சல், மூச்சுத்திணறல், மனக்குழப்பம், வாய் திறக்க இயலாமை.

சில நாட்களுக்குள்: இரண்டு வாரங்களாகியும் மூடாத காயம், மருந்தை நிறுத்தியதும் திரும்பும் கசிவு, பழைய முள்காயத்தின்மேல் வலியற்ற கெட்டியான வீக்கம், குருணை கலந்த சீழ், நீரிழிவு உள்ளவருக்குக் காயத்திற்குப் பின் நீடிக்கும் காய்ச்சல்.

படித்ததைச் சரிபார்க்க

1. சீழ்ச் சோதனையில் ஸ்டெபிலோகாக்கஸ் கண்டறியப்பட்டது. மருந்துக்குத் தணிந்த காயம் மீண்டும் கசிகிறது. அதே மாத்திரையைக் கடையில் வாங்கி உண்ணலாமா?
ஆகாது. ஆழத்தில் வேறு கிருமி இருக்கலாம். திசுச் சோதனை தேவையா என்று மருத்துவரிடம் கேளுங்கள்.

2. வீக்கம் வலிக்கவில்லை; எனவே பொறுத்திருக்கலாமா?
ஆகாது. மதுரைப் பாதத்தின் தொடக்கம் வலியற்றது. தொடக்கத்தில் வந்தால் பாதத்தைக் காக்கும் வாய்ப்பு மிகுதி.

3. காய்ச்சல் நின்று, காயமும் மூடிவிட்டது. மாத்திரையை நிறுத்தலாமா?
மருத்துவர் சொல்லும் நாள் வரை நிறுத்தக் கூடாது. தோல் மூடிய பின்னரும் உள்ளே கிருமி எஞ்சியிருக்கலாம்.

4. மருத்துவரிடம் தவறாமல் சொல்ல வேண்டியது எது?
காயம் எதனால், எங்கே, எப்போது ஏற்பட்டது என்பதும், இதுவரை உண்ட மருந்துகளும், நீரிழிவு உள்ளதா என்பதும்.

இங்கே கூறப்பட்ட நோய்கள் அரியவை. ஆறத் தாமதிக்கும் ஒவ்வொரு காயத்தையும் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. ஆயினும், அரிய நோய் என்பது நமக்கு வராத நோய் என்று பொருளன்று. உங்கள் இல்லத்தில் எவருக்கேனும் பல வாரங்களாகக் கசியும் காயம் இருக்குமாயின், அடுத்த புறநோயாளிப் பிரிவு நாளில் பழைய மருந்துச்சீட்டுகளுடன் அவரை அழைத்து வாருங்கள்.